சதுக்கமும் திண்ணையும்

1964ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் பெர்க்லி வளாக வாயிலில், செங்கல் பாவிய 26 அடி நடைபாதைத் துண்டு ஒன்று யாருக்கு உரியது என்னும் வினா எழுந்தது. மாணவர் அங்கே மேசையிட்டுத் துண்டறிக்கை வழங்கினர்; தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் நடத்திவந்த குடியுரிமைப் போராட்டத்திற்குப் பொருள் திரட்டினர். அந்நிலம் நகராட்சியைச் சேர்ந்தது என்றே அதுகாறும் எல்லாரும் கருதியிருந்தனர். அது தன்னுடையதே எனக் கண்ட பல்கலைக் கழக நிருவாகம், தன் நிலத்தில் அரசியல் வேலைக்கு இடமில்லை என அறிவித்து மேசைகளை எடுக்கச் சொல்லிற்று. அதனின்று விளைந்ததே வரலாற்று நூல்கள் பேச்சுரிமை இயக்கம் எனப் பெயரிட்டுப் போற்றும் கிளர்ச்சி. அக்டோபர் முதல் நாள், கைது செய்யப்பட்ட ஒருவரை ஏற்றியிருந்த காவலர் வண்டியை மாணவர்கள் 32 மணி நேரம் நகரவிடாது சூழ்ந்து அமர்ந்தனர். அவ்வண்டியின் கூரையே மேடையாயிற்று. மேரியோ சேவியோ என்னும் மாணவர் காலணியைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறிப் பேசினார். டிசம்பரில் ஸ்ப்ரௌல் மண்டபத்துள் அமர்ந்து மறியல் செய்த எண்ணூறு பேரளவினர் சிறைப்பட்டனர்.

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் பலரும் சேவியோவின் நாவன்மையை விதந்து பேசுவர். அந்த 26 அடியை மறந்துவிடுவர். ஆனால் அமெரிக்க நாட்டில் கருத்துரிமை பற்றி எழுந்த பூசல்களுள் பெரும்பாலானவற்றை நுணுகி நோக்குவார்க்கு, அவை சொல்லைப் பற்றிய பூசல்களாக மட்டுமன்றி, சொல்பவர் நிற்கும் இடத்தைப் பற்றிய பூசல்களாகவும் இருப்பது தெளிவாகும். இன்று சமூக ஊடகங்களைக் குறித்து அந்நாட்டின் இரு பெரும் அணிகளும் இடும் ஆரவாரத்தில் மறைக்கப்படுவது இவ்வுண்மையே. மறைக்கும் வேலையைச் செய்வது ஓர் உருவகம். சமூக ஊடகத்தை ஊர்ச் சதுக்கம் எனக் கூறும் உருவகம்.

முதற்கண் சட்டத்தின் நிலையை அறிந்துகொள்ளுதல் வேண்டும். 1791இல் நிறைவேறிய அரசமைப்பின் முதலாம் திருத்தம், பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டம் இயற்றலாகாது என அரசுக்கு இட்ட தடையே ஆகும். தனியாருக்கு அது எத்தடையும் விதிக்கவில்லை. ஒரு நாளிதழ் தன் ஏட்டில் இன்னாரது கட்டுரையை வெளியிட மறுத்தால் அத்திருத்தம் மீறப்பட்டதாகாது. அமெரிக்கருள் கற்றோரே இதனை அடிக்கடி மறந்து பேசுகின்றனர். எனினும், அரசு மட்டுமே வாயடைக்க வல்லது என எண்ணிய 18ஆம் நூற்றாண்டுக்கும், ஒரு நிறுவனத்தின் ஒரே முடிவால் கோடிக்கணக்கானோரின் பேச்சு எழவும் விழவும் கூடிய இந்நாளுக்கும் இடையே பெரும் பள்ளம் உண்டு. அப்பள்ளத்தைத் தூர்க்க நீதிமன்றங்கள் கையாண்ட கருவிகள் பெரும்பாலும் உவமைகளாகவே இருந்தமை தமிழாசிரியர் கருத்துக்கு விருந்தாகும்.

அலபாமா மாநிலத்துச் சிக்கசா என்னும் சிற்றூர் முழுவதும் ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்திற்குச் சொந்தமாக இருந்தது. வீடும் தெருவும் கடைவீதியும் அந்நிறுவனத்தினுடையவையே. யெகோவாவின் சாட்சிகள் என்னும் சமயக் குழுவைச் சேர்ந்த கிரேஸ் மார்ஷ் என்னும் அம்மையார், அங்கே அஞ்சல் நிலையத்தருகே நடைபாதையில் நின்று சமய ஏடுகளை வழங்கினார். பிறர் நிலத்தில் அத்துமீறிப் புகுந்தார் என அவர் தண்டிக்கப்பட்டார். 1946இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கிற்று. தன் உடைமையைப் பொதுமக்களின் பயனுக்கு ஒருவர் எவ்வளவு திறந்துவிடுகிறாரோ, அவ்வளவுக்கு அவரது உரிமை அதனைப் பயன்படுத்துவோரின் உரிமைகளால் வரையறுக்கப்படும் என்பது நீதியரசர் ஹ்யூகோ பிளாக்கின் கருத்து. ஊர் போல இயங்குவது ஊரே எனக் கொள்ளப்பட்டது.

இவ்வுவமை நெடுநாள் தழைக்கவில்லை. 1968இல் பேரங்காடிகளுக்கு அதனை நீட்டித்த நீதிமன்றமே 1976இல் அதனைத் திரும்பப் பெற்றது. 1980இல் கலிபோர்னியாவின் புரூன்யார்டு என்னும் பேரங்காடியில் கையொப்பம் திரட்டிய உயர்நிலைப் பள்ளி மாணவர் வழக்கில் வெற்றியடைந்தனர் எனினும், அவ்வெற்றி அம்மாநிலத்தின் சொந்த அரசமைப்பு தந்த வெற்றியேயன்றி முதலாம் திருத்தம் தந்ததன்று. மாநிலம் விரும்பினால் அத்தகைய உரிமையை வழங்கலாம், அதனால் அங்காடி உடையவரின் உரிமை கெட்டுவிடாது என்றே உச்ச நீதிமன்றம் கூறிற்று.

நாளிதழின் கதை வேறு. மயாமி நகரத்து ஆசிரியர் சங்கத் தலைவர் பாட் டார்னிலோ, 1972இல் புளோரிடா மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் நின்றார். மயாமி ஹெரால்டு நாளிதழ் அவரைக் கடிந்து தலையங்கம் தீட்டியது. ஓர் இதழால் தாக்கப்பட்ட வேட்பாளர் தம் மறுமொழியை அவ்விதழிலேயே கட்டணமின்றி வெளியிடக் கோரலாம் என 1913ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அம்மாநிலத்தில் இருந்தது. டார்னிலோ கோரினார், இதழ் மறுத்தது. 1974இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இதழின் பக்கம் நின்று அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. எதை அச்சிடுவது என்பதைப் போலவே எதை அச்சிடாதிருப்பது என்பதும் ஆசிரியரின் உரிமை என்பது தீர்ப்பின் சாரம். ஓர் ஆசிரியத் தலைவருக்கு நாளிதழில் சில வரிகள் கிடைக்காமற்போன இவ்வழக்கு, அரை நூற்றாண்டு கழித்து உலகின் மாபெரும் நிறுவனங்களுக்குக் கேடயமாகும் என அன்று எவரும் எண்ணியிரார்.

வானொலிக்கு மட்டும் நீதிமன்றம் வேறு விதி வகுத்தது. அலைவரிசைகள் அருகியவை, ஆதலின் அவற்றைப் பெற்றவர் மாற்றுக் கருத்துக்கும் இடமளிக்க வேண்டும் என்னும் நடுநிலைக் கோட்பாட்டை 1949 முதல் நடுவண் தகவல்தொடர்பு ஆணையம் நடைமுறைப்படுத்தி வந்தது. 1969இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. 1987இல், ரீகன் ஆட்சியில், ஆணையமே அதனைக் கைவிட்டது. மறு ஆண்டே ரஷ் லிம்பாவின் வானொலி நிகழ்ச்சி நாடு முழுதும் ஒலிக்கலாயிற்று. ஒரு பக்கம் மட்டும் பேசி மறுபக்கத்தை எள்ளும் ஒலிபரப்பு இலாபம் தரும் தொழிலாக வளர்ந்தது.

பண்பாட்டுப் போர் என்னும் தொடர் அந்நாட்டில் பரவலானதும் அக்காலத்தை அடுத்தே. 1991இல் சமூகவியலறிஞர் ஜேம்ஸ் டேவிசன் ஹன்டர் அப்பெயரில் ஒரு நூல் எழுதினார். 1992இல் குடியரசுக் கட்சி மாநாட்டு மேடையில் பாட் பியூக்கனன், நாட்டின் ஆன்மாவுக்காக ஒரு போர் நடைபெறுகின்றது என முழங்கினார். கருக்கலைப்பு, பள்ளியில் வழிபாடு, ஒருபாலினத்தார் உரிமை, பாடநூல் ஆகியவை அப்போரின் களங்கள். பேச்சுரிமை அன்று ஒரு களமாக இருந்ததைவிட ஒரு படைக்கலமாக இருந்தது எனலே பொருந்தும். 1964இல் அப்படைக்கலம் இடதுசாரி மாணவரின் கையில் இருந்தது. 2017 பிப்ரவரி முதல் நாள், அதே பெர்க்லி வளாகத்தில், வலதுசாரிப் பேச்சாளர் மைலோ யியனபுலஸ் பேசவிருந்த கூட்டம் முகமூடி அணிந்தோரின் வன்முறையால் நின்றுபோயிற்று. அன்றுமுதல் பேச்சுரிமை என்னும் சொல்லை வலதுசாரிகள் தம் கொடியில் எழுதிக்கொண்டனர். இதில் வியப்பில்லை. எந்தச் சொல்லும் அதனைக் காவாது விட்டவரிடம் தங்குவதில்லை.

சமூக ஊடகங்களுக்கு வாழ்வளித்த சட்டம் 1996இல் இயற்றப்பட்டது. அதன் 230ஆம் பிரிவு உடையவருக்கு இரு சலுகைகளை ஒருங்கே வழங்கிற்று: பயன்படுத்துவோர் எழுதியதற்கு அவர் பொறுப்பேற்க வேண்டுவதில்லை, தகாதது என நல்லெண்ணத்துடன் கருதுவதை நீக்கினாலும் வழக்கு இல்லை. அந்நாளில் இது இளந்தொழிலைக் காக்கும் வேலியாகக் கருதப்பட்டது. வேலி நின்றது, கன்று யானையாயிற்று.

2017இல் உச்ச நீதிமன்றம் சமூக ஊடகத்தை இக்காலப் பொதுச் சதுக்கம் எனக் கொண்டு பேசிற்று. வட கரோலினாவில், பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற ஒருவர், தம்மீதிருந்த போக்குவரத்து வழக்குத் தள்ளுபடியானதற்கு மகிழ்ந்து முகநூலில் எழுதினார்; அத்தகையோர் சமூக ஊடகத்தில் நுழைவதே குற்றம் என்னும் மாநிலச் சட்டத்தால் மீண்டும் தண்டிக்கப்பட்டார். அச்சட்டம் செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. தீர்ப்பு சரியானதே, அரசு வழியை அடைத்தது, நீதிமன்றம் திறந்துவிட்டது. ஆயினும் நீதியரசர் கென்னடி கையாண்ட அவ்வுருவகத்தை, அரசியலார் பிடுங்கி வேறிடத்தில் நட்டனர்.

உவமைக்கு வினை, பயன், மெய், உரு என நான்கு வகைகளைத் தொல்காப்பியர் வகுத்தார். அவ்வுரைகல்லில் இவ்வுருவகத்தை உரசிப் பார்க்கலாம். வினையால் பொருத்தம் உண்டு: இரண்டிடத்தும் மக்கள் கூடிப் பேசுகின்றனர். பயனால் பொருத்தம் இல்லை. சதுக்கத்தில் எழும் பேச்சின் பயன் ஊராரைச் சேரும். இங்கோ, பேச்சைக் கேட்க வந்தோரின் கவனம் விளம்பரக்காரர்க்கு விற்கப்பட்டு உடையவரைச் சேர்கிறது. மெய்யாலும் பொருத்தம் இல்லை. சதுக்கம் எல்லார்க்கும் ஒன்றே. உரக்கப் பேசுவோன் குரலை அங்கு நிற்பார் அனைவரும் கேட்பர். சமூக ஊடகத்தில் ஒவ்வொருவர்க்கும் வேறுவேறு சதுக்கம் காட்டப்படுகிறது. எவர் குரல் எவர் செவிக்கு எட்ட வேண்டும் என்பதை உடையவரின் கணிப்பொறி நிரல் முடிவு செய்கிறது. உருவைப் பற்றி, அஃதாவது நிறத்தைப் பற்றி, இங்குப் பேச வேண்டுவதில்லை.

தமிழில் இதற்கு நெருங்கிய உவமை தேடினால் மன்றம் பொருந்தாது, திண்ணை பொருந்தும். மன்றம் ஊருக்குப் பொது. திண்ணையோ வீட்டுக்காரருடையது, வழிப்போக்கர் அமரலாம், இளைப்பாறலாம், ஊர்வம்பு பேசலாம். ஆனால் எழுந்து போகச் சொன்னால் எழுந்துதான் போக வேண்டும். யார் திண்ணையில் யார் அமரலாம் எனச் சாதி பார்த்த ஊர்களும் இருந்தமையால், திண்ணையை வானளாவப் புகழவும் இயலாது. அன்றியும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. திண்ணையில் இருவர் சண்டையிட்டால் வீட்டுக்காரர்க்கு உறக்கம் கெடும். சமூக ஊடகத்தில் இருவர் சண்டையிட்டால் வீட்டுக்காரர்க்கு வருவாய் பெருகும்.

இவ்வுண்மையை அறியாதார் போன்று இரு அணியினரும் நடந்துகொண்ட முறையே இந்நூற்றாண்டின் மூன்றாம் பத்தாண்டின் வரலாறு. 2020 அக்டோபரில், 1801இல் நிறுவப்பட்ட நியூயார்க் போஸ்ட் நாளிதழ், அதிபர் வேட்பாளர் பைடனின் மகனது கணினி பற்றி வெளியிட்ட செய்தியை எவரும் பகிரவொட்டாது டுவிட்டர் தடுத்தது; இதழின் கணக்கையும் முடக்கிற்று. அச்செயல் தவறு என அதன் தலைவர் ஜாக் டோர்சியே பின்னர் ஒப்புக்கொண்டார். 2021 சனவரி 6இல் நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டபின், 8ஆம் நாள், பதவியிலிருந்த அதிபர் டிரம்பின் கணக்கு நிலையாக நீக்கப்பட்டது. ஏறத்தாழ 8 கோடியே 80 இலட்சம் பேர் அவரைப் பின்தொடர்ந்திருந்தனர். முற்போக்காளர் மகிழ்ந்தனர். தனியார் நிறுவனம் தன் விருப்பப்படி செய்யலாம் என்னும் வாதம், நிறுவனங்களின் ஆதிக்கத்தை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர் வாயினின்றே வந்தது. ஜெர்மானியத் தலைமையமைச்சர் மெர்க்கலின் பேச்சாளர்தாம், இத்தகைய எல்லைகளைச் சட்டமியற்றுவோர் வகுக்க வேண்டுமேயன்றி நிறுவன மேலாளர் வகுத்தலாகாது என நிதானமாகச் சொன்னார்.

மறுபக்கத்தின் நிலை இதனினும் விந்தையானது. 2019இல், பொதுமக்கள் அலைவரிசையை நடத்தும் தனியார் அமைப்பு முதலாம் திருத்தத்திற்குக் கட்டுப்பட்டதன்று என உச்ச நீதிமன்றத்தின் பழமைவாதப் பெரும்பான்மையினரே தீர்ப்பளித்திருந்தனர். 2021இல் புளோரிடாவும் டெக்சசும், பழமைவாதிகளின் ஆட்சியில், சமூக ஊடக நிறுவனங்கள் கருத்துகளை நீக்குவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றின. புளோரிடாச் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. மாநிலத்துள் கேளிக்கைப் பூங்கா நடத்தும் நிறுவனங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என விலக்கு எழுதப்பட்டது. டிஸ்னி நிறுவனத்தை மனத்துட்கொண்டு எழுதிய விலக்கு அது. மறு ஆண்டு, பாலியல் சார்பு பற்றிய பள்ளிப் பாடச் சட்டம் ஒன்றை டிஸ்னி குறைகூறியதும், அவ்விலக்கு நீக்கப்பட்டது. கருத்துரிமையைக் காக்க எழுந்த சட்டத்தின் ஒரு விதி, கருத்துச் சொன்னமைக்குத் தண்டனையாக மாற்றப்பட்டதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

2022 மார்ச்சில் எலான் மஸ்க், டுவிட்டர் நடைமுறையில் ஊர்ச் சதுக்கமே என எழுதினார். அக்டோபர் 27இல் அதனை 4,400 கோடி டாலருக்கு வாங்கி முடித்தார். வங்கிகள் தந்த கடன் மட்டும் 1,300 கோடி டாலரளவு. சதுக்கம் என்பது விலைக்கு வாங்கக்கூடிய பொருளாயின் அது சதுக்கமாதல் எங்ஙனம் என்னும் எளிய வினாவை அவரைப் புகழ்ந்தோரும் கேட்கவில்லை. இகழ்ந்தோரும், தம் அணியினர் கையில் அது இருந்தவரை, கேட்டாரல்லர். நவம்பரில் ஒரு வாக்கெடுப்பு நடத்தி டிரம்பின் கணக்கை மஸ்க் மீட்டளித்தார். அத்திங்களிலேயே, பேச்சுரிமையில் தமக்குள்ள பற்று, தம் சொந்த வானூர்தியின் போக்கை வெளியிடும் கணக்கையும் நீக்காத அளவுக்கு உறுதியானது என எழுதினார். டிசம்பர் 14இல் அக்கணக்கு நீக்கப்பட்டது. மறுநாள் அதைப்பற்றி எழுதிய செய்தியாளர் சிலரின் கணக்குகளும் முடக்கப்பட்டுச் சில நாள்களில் அவற்றுட் பல மீண்டன. தம் குடும்பத்தின் பாதுகாப்புக்கு நேர்ந்த இடரைக் காரணமாகக் கூறினார். அக்காரணம் மெய்யாகவே இருக்கலாம். தந்தையொருவரின் அச்சத்தை எள்ளுதல் அறமன்று. ஆனால் ஊரார் அனைவர்க்கும் உரிய விதி, ஒரு வீட்டாரின் அச்சத்தால் ஓரிரவில் மாறிற்று என்பதே இங்குக் கருதத்தக்கது. அப்படி மாறக்கூடியது திண்ணை, சதுக்கம் அன்று. 2024 தேர்தலில் அவர் டிரம்பின் வெற்றிக்காக 25 கோடி டாலருக்கு மேல் செலவிட்டார்.

2024 சூலை முதல் நாள், புளோரிடா, டெக்சசு வழக்குகளை உச்ச நீதிமன்றம் கீழ்மன்றங்களுக்குத் திருப்பியனுப்பியது. எனினும், பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதிய நீதியரசர் எலினா கேகன், எதை மேலே காட்டுவது, எதை நீக்குவது எனத் தொகுத்து அமைப்பதும் ஒரு வெளிப்பாடே, அது முதலாம் திருத்தத்தின் காவலுக்கு உரியதே எனத் தெளிவாக்கினார். அவர் துணைக்கழைத்தது டார்னிலோ வழக்கு. அதுவும் புளோரிடாச் சட்டம். இதுவும் புளோரிடாச் சட்டம்.

இவ்வுவமையிலும் ஓட்டை உண்டு. நாளிதழ் அச்சிட்டது அவதூறாயின் நாளிதழே கூண்டில் ஏறும். சமூக ஊடகம், தொகுத்து அமைக்கும் உரிமையைக் கேட்கும்போது யாம் நாளிதழ் என்கிறது. பொறுப்பைக் கேட்கும்போது 230ஆம் பிரிவைக் காட்டி யாம் வெறும் சுவர், எழுதியவர் பிறர் என்கிறது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்னும் நம் பழமொழி இதற்கென்றே பிறந்தது போலும். இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு எந்த நீதிமன்றமும் அந்நிறுவனங்களை இதுகாறும் முழுமையாக வற்புறுத்தவில்லை.

அங்ஙனமாயின் அரசே தலையிட்டால் என்ன எனக் கேட்போர் உளர். அரசின் கை எத்தகையது என்பதற்கு அண்மை ஆண்டுகள் போதிய சான்று தருகின்றன. பெருந்தொற்றுக் காலத்துப் பதிவுகளை நீக்கப் பைடன் ஆட்சி நிறுவனங்களை நெருக்கியது என எழுந்த வழக்கை, வழக்குத் தொடுத்தோர்க்குத் தகுதியில்லை எனக் கூறி 2024இல் உச்ச நீதிமன்றம் தள்ளிற்று. நெருக்கியது முறையா என்பது தீர்க்கப்படாமலே நின்றது. தம் கணக்கை நீக்கியதற்காக டுவிட்டர்மீது டிரம்ப் தொடுத்த வழக்கு 2022இல் தள்ளுபடியாயிற்று. நிறுவனம் அரசன்று என்பதே காரணம். அவர் மீண்டும் அதிபரானபின், 2025 பிப்ரவரியில், அந்நிறுவனம் ஏறத்தாழ ஒரு கோடி டாலருக்கு அவரோடு இணக்கம் கண்டது. அதற்குமுன் சனவரியில் முகநூலின் தாய்நிறுவனம் இரண்டரைக் கோடி டாலர் தந்தது. செப்டம்பரில் யூடியூப் 2 கோடியே 45 இலட்சம் தந்தது. சட்டத்தில் தோற்ற வாதம் பணத்தில் வென்றது.

அவ்வாண்டு சனவரி 20இல், பேச்சுரிமையை மீட்பதாக அதிபர் ஆணையொன்றில் கையொப்பமிட்டார். செப்டம்பரில் வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். கொடுஞ்செயல் அது. அதனையொட்டி நகைச்சுவையாளர் ஜிம்மி கிம்மல் கூறியதைக் கண்டித்து, தகவல்தொடர்பு ஆணையத் தலைவர் பிரெண்டன் கார், ஒளிபரப்பு உரிமம் பெற்றோர்க்கு எச்சரிக்கை விடுத்தார். டிஸ்னிக்குச் சொந்தமான ஏபிசி, 17ஆம் நாள் அந்நிகழ்ச்சியை நிறுத்தியது. எதிர்ப்பு மிகவே 23ஆம் நாள் மீண்டும் தொடங்கியது. நடுநிலைக் கோட்பாடு அரசின் தலையீடு எனக் கூறி 1987இல் அதனைக் கைவிட்ட அதே ஆணையம் இது. முன்பு நீக்கப்பட்டோர்க்காகக் கண்ணீர் வடித்தவருட் பலர் இப்போது நீக்கச் சொன்னார்கள். தனியார் நிறுவனம் எதையும் செய்யலாம் என்றவருட் பலர் இப்போது பேச்சுரிமை என்றார்கள். இரு சாராரிடமும் விதிவிலக்கானோர் சிலர் இருந்தனர். அவர்கள் குரல் அவ்வூடகங்களில் அதிகம் எட்டவில்லை. நிதானத்துக்கு அங்கே விலை குறைவு.

தொலைபேசி எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனத்தை மாற்ற முடிவதைப் போல, தம் எழுத்தையும் தம்மைப் பின்தொடர்வோரையும் உடன்கொண்டு ஒரு திண்ணையினின்று இன்னொரு திண்ணைக்குச் செல்லும் உரிமையைச் சட்டம் தரலாம் என்பார் உளர். எவரைப் பேசவைப்பது எனக் கேளாது, எவர் எவ்விதியால் மறைக்கப்பட்டார் என்பதை மட்டும் உடையவர் வெளிப்படுத்தச் செய்யலாம் என்பாரும் உளர். இவை சிறு வழிகள். ஆயினும் சதுக்கம் எனக் கூவுவதைவிட இவற்றில் நேர்மை மிகுதி. நிலம் பிறருடையது என்பதை ஒப்புக்கொண்டு இவை தொடங்குகின்றன.

பெர்க்லி வளாகத்தில், ஸ்ப்ரௌல் மண்டபத்து முன்றிலில், 1991 முதல் ஒரு நினைவுச் சின்னம் உள்ளது. கருங்கல் வளையம் ஒன்று. அதன் நடுவே ஆறு அங்குல விட்டமுள்ள மண். அம்மண்ணும் அதன் மேலுள்ள வானும் எந்நாட்டுக்கும் சேர்ந்தவையல்ல, எவரது அதிகாரத்திற்கும் உட்பட்டவையல்ல என வளையத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. ஒருவர் ஓர் அடியை முழுதும் ஊன்றி நிற்கவும் அவ்விடம் போதாது. சுற்றியுள்ள நிலமெல்லாம் பல்கலைக் கழகத்தினுடையது.